ஏழு வாரமாகியும் தையல் கோணலாகவே தெரிகிறது

கேள்வி: எனக்கு வயது 52. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட், பள்ளி யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறேன். சின்ன வயதிலிருந்தே இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 7 கண்ணாடி. புரை ஆபரேஷன் எதுவும் செய்ததில்லை. வலது கண்ணில் ஓரத்திலிருந்து திரை மாதிரி மறைக்க ஆரம்பித்தது. புரை வருகிறது என்று நினைத்துப் பன்னிரண்டு நாள் விட்டுவிட்டேன். பிறகு காட்டியபோது, 'விழித்திரை விலகிவிட்டது, நடுப்பகுதியும் விட்டுவிட்டது' என்று சொல்லி ஆபரேஷன் செய்து உள்ளே சிலிகான் ஆயில் வைத்தார்கள். ஏழு வாரம் ஆகிறது. இன்னும் மங்கல்தான். நேராகப் போட்ட தையல் கோணலாகத் தெரிகிறது. டீ ஊற்றினால் டம்ளருக்கு வெளியே போகிறது. கண்ணாடி போட்டால் வலது கண்ணுக்கு இன்னும் மோசம், கழற்றினால் கொஞ்சம் பரவாயில்லை. சாயங்காலம் ஆனால் மங்கல் கூடுகிறது. கண்ணைச் சிமிட்டினால் ஒரு நொடி தெளிகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரை ஆபரேஷன் செய்த மறுநாளே டிவி தெரிந்ததாம். 'உனக்கு ஏதோ தப்பாயிடுச்சு' என்கிறார்கள். டாக்டரைக் கேட்டால் 'மெதுவா வரும்' என்கிறார், அவ்வளவுதான். சீட்டில் முதலில் 'சி.எஃப்.' என்று இருந்தது, போன வாரம் 6/36 என்று எழுதினார்கள். ஆபரேஷன் தோற்றுவிட்டதா? குனிந்து தைக்கலாமா? மே மாதம் யூனிஃபார்ம் ஆர்டர் எடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை 21

பதில்:

அம்மா, ஆபரேஷன் தோற்றதற்கான அறிகுறி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. விழித்திரை முழுக்க ஒட்டியிருக்கிறதா என்பதைக் கண்ணுக்குள் பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஆனால் சீட்டில் இருக்கும் இரண்டு குறிப்பும் நல்ல சேதிதான். சி.எஃப். என்றால் முன்னால் நீட்டும் விரலை எண்ணும் அளவுக்கு மட்டும் பார்வை. எழுத்து அட்டையையே படிக்க முடியாத நிலை அது. அட்டையில் மேலே ஒற்றையாக இருக்கும் பெரிய எழுத்து 6/60. அதற்கு அடுத்த வரி 6/36. நல்ல கண் 36 மீட்டரிலிருந்து படிப்பதை உங்கள் கண் 6 மீட்டரில் படிக்கிறது. விரலை எண்ணிக்கொண்டிருந்த கண் ஏழு வாரத்தில் அட்டையின் இரண்டாவது வரிக்கு வந்திருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் ஒரு கண்ணை மூடி 'தெரியுதா, தெரியுதா' என்று பார்ப்பவருக்கு இந்த முன்னேற்றம் தெரியவே தெரியாது.

பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அவருக்கு மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தார்கள். பின்னாலிருந்த விழித்திரைக்கு ஒரு குறையும் இல்லை, அதனால் மறுநாளே டிவி தெரிந்தது. உங்களுக்குப் பழுதானது அந்த விழித்திரையே. ஜாக்கெட்டுக்கு லைனிங் வைத்துத் தைக்கிறவருக்கு இதை விளக்குவது சுலபம். கண்ணின் உள்சுவரில் லைனிங் மாதிரி ஒட்டியிருப்பது விழித்திரை. ஒளியை உணரும் செல்களுக்கு வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்துதான் வருகின்றன. மைனஸ் பவர் அதிகமுள்ள கண் நீளமானது, அதன் விழித்திரை ஓரங்களில் மெலிந்திருக்கும். அங்கே ஒரு கிழிசல் விழுந்து, அதன் வழியாக நீர் உள்ளே புகுந்து, லைனிங்கைச் சுவரிலிருந்து பிரித்துவிட்டது. பிரிந்த நேரத்திலிருந்து அந்தச் செல்கள் பட்டினி. மேக்குலா எனப்படும் நடுப்புள்ளிதான் எழுத்துப் படிக்கவும் ஊசி கோர்க்கவும் உதவுவது. உங்களுக்கு அதுவும் சேர்ந்து பிரிந்திருந்தது. லேசரும் ஆயிலும் லைனிங்கை மறுபடி சுவரோடு ஒட்டவைத்துவிட்டன. ஆனால் வாடிப்போன செல்களின் நுனிகள் மறுபடி வளர்ந்து, பழையபடி வரிசையில் நிற்க வேண்டும். இதைத் துரிதப்படுத்த மாத்திரை இல்லை, சொட்டு மருந்து இல்லை, கேரட்டாலும் பொன்னாங்கண்ணியாலும் ஆகாது. (சாப்பிடுங்கள், நல்லதுதான்.) முதல் மூன்று மாதத்தில் வேகமாகவும், பிறகு ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும், நத்தை வேகத்திலும் பார்வை கூடும்.

பன்னிரண்டு நாள் தாமதத்துக்கு விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். நடுப்பகுதி பிரிந்து சில நாளுக்குள் ஒட்டவைத்தால் கிடைக்கும் பார்வை, ஒரு வாரத்துக்கு மேல் போனால் அதே அளவுக்குக் கிடைப்பது அரிது. இந்தக் கண் 6/6 வரும் என்று காத்திருக்காதீர்கள். 6/18, 6/12 வரை ஏறினால் மிக நல்ல பலன். அதே சமயம், 1920-களில் சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின் கிழிசலை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று செய்து காட்டும்வரை, விலகிய விழித்திரை என்றால் அந்தக் கண் போனதாகவே கணக்கு. அப்படிப்பட்ட நோயிலிருந்துதான் இரண்டாவது வரிக்கு வந்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் மங்கலுக்கு வருவோம். இது ஒரே மங்கல் இல்லை, நாலைந்து மங்கல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, விலகும் காலமும் வேறு. பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

முதலில் அந்தக் கண்ணாடி. போட்டால் மோசம், கழற்றினால் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், டாக்டரிடமும் இதே வார்த்தையில் சொல்லுங்கள். சொந்த லென்ஸ் உள்ள கண்ணில் சிலிகான் ஆயில் நிரப்பினால், லென்ஸின் பின்புறம் படியும் ஆயில் ஒரு குழிலென்ஸ் மாதிரி வேலை செய்து, கண்ணின் பவரை ஏறத்தாழ 5, 6 எண் பிளஸ் பக்கம் தள்ளிவிடும். மைனஸ் 7 ஆக இருந்த வலது கண் இப்போது மைனஸ் 1, 2 பக்கத்தில் நிற்கும். (விழித்திரையைத் தாங்க ஆபரேஷனில் கண்ணின் வெளிச்சுவரைச் சுற்றி பெல்ட் போட்டிருந்தால் மைனஸ் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.) அந்தக் கண் முன்னால் பழைய மைனஸ் 7 கண்ணாடியை வைத்தால் மங்காமல் என்ன செய்யும்? இடது கண்ணுக்குப் பழைய பவர் அப்படியே வேண்டும், வலதுக்கு வேண்டாம். டாக்டரிடம் இன்றைய பவரை எழுதி வாங்கி, அதே ஃபிரேமில் வலது பக்கத்துக்கு மட்டும் சாதாரண, விலை குறைந்த கண்ணாடி போட்டுத் தரச் சொல்லுங்கள். புரோகிரஸிவ், கோட்டிங் என்று கடையில் எது சொன்னாலும் இப்போது வேண்டாம். ஆயிலை எடுத்ததும் பவர் மறுபடி மாறும், அந்தப் பணம் வீண்.

இடது மைனஸ் 7, வலது மைனஸ் 1 என்று கண்ணாடி போட்டால் இரண்டு கண்ணிலும் உருவத்தின் அளவு வேறாகத் தெரியலாம். வலது கண் இன்னும் மங்கலாக இருப்பதால் பலருக்கு இது தொந்தரவு தருவதில்லை. இரட்டையாகத் தெரிந்தால் வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் வலது கண்ணாடியின் உட்பக்கம் மங்கலான செல்லோ டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணையே கட்டிவைக்க வேண்டாம்.

கண்ணாடி மாற்றினால் எவ்வளவு தேறும் என்று வீட்டிலேயே பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் குண்டூசியால் ஒரு ஓட்டை போட்டு, ஊசியைச் சுழற்றி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அகலப்படுத்துங்கள். அட்டையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இடது கண்ணைக் கையால் மறைத்து, ஓட்டை வழியே காலண்டரைப் பாருங்கள். எழுத்து தெளிந்தால் அந்தப் பங்கு மங்கல் பவர் சம்பந்தப்பட்டது, கண்ணாடியால் தீரும். தெளியவில்லையென்றால் மிச்சம் விழித்திரையிலோ லென்ஸிலோ இருக்கிறது. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் கிட்டப்பார்வை அதனாலேயே கலங்கும். டாக்டர் அதை நிறுத்திய பிறகு ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள்.

சிமிட்டினால் ஒரு நொடி தெளிவது கண்ணீர்ப் படலத்தின் கோளாறு, விழித்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆபரேஷன் செய்த இடமும், வாரக்கணக்கில் விட்ட சொட்டு மருந்துகளிலுள்ள கெடாமல் காக்கும் ரசாயனமும் கண்ணின் மேற்பரப்பை உலரவைக்கின்றன. தைக்கும்போது நாம் சிமிட்டுவதும் குறைந்துவிடும். அதனால்தான் சாயங்காலம் கூடுகிறது. ஃபேன் காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி மெஷினைத் திருப்பிப் போடுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு எது, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு மங்கல் சில நாளிலேயே குறையும்.

மூன்றாவது, உங்கள் சொந்த லென்ஸ். கண்ணுக்குள்ளிருக்கும் கூழை எடுத்து விழித்திரைக்கு ஆபரேஷன் செய்தவர்களில், 50 வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுக்குள் புரை வளரும். ஆயில் இருந்தால் இன்னும் சீக்கிரம். மூன்றாவது, நாலாவது மாதத்தில் ஏறிக்கொண்டிருந்த பார்வை மெல்ல இறங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இது தீரக்கூடிய மங்கல்.

மிச்சமிருப்பது மேக்குலா. கோணல் தையல் அங்கிருந்துதான் வருகிறது. லைனிங்கை எவ்வளவு நீவி ஒட்டினாலும் நூலிழை முன்பிருந்த இடத்திலேயே அச்சாக உட்காராது. விழித்திரை ஒரு மயிரிழை நகர்ந்து ஒட்டினாலே நேர்க்கோடு வளையும், எழுத்து சிறுத்துத் தெரியும். மாதங்களில் இது குறைகிறது. பலருக்குக் கொஞ்சம் மிஞ்சிவிடும், ஆனால் இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கையில் மூளை அதைத் தள்ளிவைக்கப் பழகிக்கொள்ளும். தையல் கோணல் என்று பிரிப்பதற்கு முன்னால் வலது கண்ணை மூடி இடது கண்ணால் ஒரு முறை பாருங்கள். இத்தனை வாரத்தில் எத்தனை நல்ல தையலைப் பிரித்தீர்களோ! ஒன்று மட்டும் கவனியுங்கள். குறைந்துகொண்டு வந்த வளைவு திடீரெனக் கூடினால், மேக்குலாவின் மேல் மெல்லிய படலம் வளர்ந்து சுருக்கு இழுக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் அது தெரியும். தேவைப்பட்டால் ஆயில் எடுக்கும்போதே உரித்துவிடுவார்கள்.

தினமும் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு வாரம் ஒரு முறை, உதாரணமாக ஞாயிறு காலை பத்து மணிக்கு, ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள். பழைய மாதக் காலண்டரிலிருந்து ஒரு அங்குல உயரமுள்ள ஏழெட்டு எண்களை வெட்டியெடுத்து, வீட்டில் யாரையாவது அவர்கள் விருப்பப்படி வரிசை மாற்றிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு மனப்பாடமாகிவிடக் கூடாது. இடது கண்ணை உள்ளங்கையால், அழுத்தாமல், மூடிக்கொண்டு பின்னால் நகருங்கள். எந்த இடத்தில் எண் பிடிபடாமல் போகிறதோ, அங்கிருந்து சுவர்வரை உங்கள் இஞ்ச் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். ஒரு அங்குல எண்ணைப் பத்தடியில் படித்தால் அது ஏறத்தாழ 6/36. பதினைந்து அடி என்றால் 6/24. ஒவ்வொரு முறையும் கண்ணாடி போட்டா போடாமலா என்பதை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அரை அடி குறைந்தால் பதற வேண்டாம், தூக்கமில்லாத இரவுகூட அதைச் செய்யும். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் காட்டுங்கள்.

குனிந்து தைக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. குனியக் கூடாது என்பது புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கு முதல் சில நாள் சொல்லும் விதி, ஊரார் அதை எல்லாக் கண்ணுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆயில் தண்ணீரைவிட லேசானது, எப்போதும் மேல்நோக்கி மிதக்கும். குனிந்தால் அது விழித்திரையின் நடுப்பகுதியைத் தாங்குகிறது. மல்லாந்து படுத்தால்தான் முன்பக்கம் ஏறி லென்ஸோடு உரசி நிற்கும். அது புரையையும் கண் அழுத்தத்தையும் கூட்டும். அதனால் ஆயிலை எடுக்கும்வரை ஒருக்களித்தோ குப்புறவோ தூங்குங்கள். எந்தப் பக்கம் என்பது கிழிசல் இருந்த இடத்தைப் பொறுத்தது, டாக்டர் சொன்ன பக்கமே சரி. தூக்கத்தில் புரண்டுவிடுகிறவர்கள் முதுகுப்பக்கம் ஒரு தலையணையைச் செருகிக்கொள்ளலாம். தைப்பதாலும் டிவி பார்ப்பதாலும் விழித்திரை தேயாது. அசதி வரும், அவ்வளவே. அடிபம்பில் பிடித்த குடத்தை மாடிக்குத் தூக்குவதற்கு மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதலில் பாதிக் குடத்தில் ஆரம்பியுங்கள். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள்.

(ஆயிலுக்குப் பதில் கேஸ் வைத்திருக்கும் வாசகர்களுக்கு: அந்தக் குமிழி மறையும்வரை விமானம் ஏறக் கூடாது, ஊட்டி, கொடைக்கானல் போகக் கூடாது. உயரத்தில் கேஸ் விரிந்து கண் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம். கேஸின் வகையைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும். வேறு எந்த ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும் கண்ணில் கேஸ் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும்.)

சொட்டு மருந்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருப்பது ஸ்டீராய்டு; மருந்து அடியில் படிந்துவிடும், பத்துப் பதினைந்து முறை நன்றாகக் குலுக்கிய பிறகே விட வேண்டும். குலுக்காமல் விட்டால் முதல் வாரம் வெறும் நீரும், கடைசி வாரம் கெட்டி மருந்துமாகப் போகும். ஒரு சொட்டு போதும், அதற்கு மேல் கண் கொள்ளாது, கன்னத்தில்தான் வழியும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. சொட்டுக் குப்பியின் மூக்கு இமையில் படக் கூடாது. திறந்து ஒரு மாதமானால் தூக்கிப் போடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: ஏழு வாரத்தில் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியிருப்பார்கள், அல்லது நிறுத்தும் கட்டத்தில் இருப்பீர்கள். 'போட்டால் இதமா இருக்கு' என்று பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி வாங்காதீர்கள். சிலருக்கு ஸ்டீராய்டு சத்தமே இல்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலிக்காது, சிவக்காது, பார்வை நரம்பு மட்டும் கரையும். ஆயில் இருக்கும் கண்ணுக்கு அழுத்தம் ஏற ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது, இரண்டாவது வேண்டாம். நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று யார் எது கொடுத்தாலும் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

டீ வெளியே போவது கண்ணின் தவறு மட்டும் இல்லை. தூரத்தை, ஆழத்தை அளக்க இரண்டு கண்ணும் சம பலத்தோடு வேண்டும். ஒன்று மங்கினால் எல்லாம் தட்டையாகிவிடும். பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டு வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். டம்ளரை ஒரு தட்டில் வையுங்கள். எவர்சில்வர் டம்ளருக்குள் டீயின் மட்டம் தெரியவில்லையென்றால் உள்ளே வெள்ளையாக இருக்கும் பீங்கான் கப்புக்கு மாறுங்கள். கொதிக்கும் எண்ணெயில் எதையும் தூரத்திலிருந்து போடாதீர்கள், கரண்டியில் வைத்து விளிம்போரமாக இறக்குங்கள். உங்கள் பகுதிப் பழைய வீடுகளின் மாடிப்படி குறுகல், செங்குத்து, பகலிலும் இருட்டு. விழுவது பெரும்பாலும் கடைசிப் படியில்தான், தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைப்பதால். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டிவிடுங்கள். எம்.சி. ரோடு கூட்டத்தில் வலது பக்கமிருந்து வரும் ஆட்டோவும் பைக்கும் தாமதமாகத்தான் கண்ணில் படும், கண்ணைத் திருப்பினால் போதாது, தலையையே திருப்பிப் பார்த்துக் கடக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

யூனிஃபார்ம் ஆர்டர்: இடது கண் கண்ணாடியோடு நன்றாகத் தெரிகிறது என்றால் எடுக்கலாம், வழக்கமான எண்ணிக்கையில் பாதி. சட்டை, பாவாடையின் நேர்த்தையல் ஒரு கண்ணால் ஆகக்கூடிய வேலை. ஊக்கு வைப்பது, காஜா, ஆரி வேலை இவற்றை இந்த சீசனுக்கு வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். நேவி ப்ளூ துணியில் நேவி ப்ளூ நூல் உங்களுக்குத் தெரியாது. வெள்ளைச் சாக்கில் கோடு போட்டுக்கொண்டு அந்தக் கோட்டைப் பின்தொடருங்கள். வலது கையால் வேலை செய்கிறவர் விளக்கை இடது பக்கம் வைத்தால் கை நிழல் துணியில் விழாது. மூடி போட்ட டேபிள் லாம்ப், பல்பு கண்ணுக்குத் தெரியாதபடி தாழ்வாக, துணியிலிருந்து ஒன்றரை அடிக்குள். வெள்ளைச் சட்டைத் துணியில் வெளிச்சம் கூசும், ஆயில் கண்ணுக்கு இன்னும் கூசும், அப்போது விளக்கைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஊசி கோர்க்க அந்த வைர வடிவக் கம்பி வைத்த சின்னக் கருவி போதும், தையல் சாமான் கடையில் கிடைக்கும். விரலை ஃபுட்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியே வையுங்கள், ஆழம் தெரியாத கண்ணால் ஊசிக்குக் கீழே விரல் போவது எளிது. மெஷினில் உட்காரும்போது கண்ணாடி இல்லாமல் உட்கார வேண்டாம். ஊசி ஒடிந்து தெறித்தால் மிச்சமிருக்கும் நல்ல கண்ணுக்குத்தான் ஆபத்து. அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது இடது பக்கத்துக்கு உடையாத பாலிகார்பனேட் கேளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி வாசலைப் பாருங்கள்.

மே மாதம் ஆர்டர் வாங்குவதற்கு முன்னால் இன்னொரு தேதியைக் கேட்டுவிடுங்கள்: ஆயிலை எப்போது எடுப்பார்கள்? பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள். உங்களுக்கு அது சீசன் நடுவில் வந்து விழலாம். ரொம்ப நாள் விட்டால் ஆயில் சின்னச் சின்னத் துளிகளாக உடைந்து கண் அழுத்தத்தை ஏற்றும். 'நல்லாத்தானே இருக்கு' என்று ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது தவறு. ஆயிலை எடுக்கும்போதே புரையையும் சேர்த்து எடுப்பார்களா என்றும் கேளுங்கள். அப்படியானால் லென்ஸ் பவர் கணக்கை ஒளியால் அளக்கும் கருவியில் எடுப்பது நல்லது. ஒலி ஆயிலுக்குள் மெதுவாகப் போகும். ஒலியால் அளக்கும் சாதாரண ஏ-ஸ்கேன் அதைக் கணக்கில் கொள்ளாமல் அளந்தால் கண்ணை உள்ளதைவிட நீளமாகக் காட்டி, தப்பான லென்ஸில் கொண்டுபோய் விடும். ஆயில் எடுத்த பிறகு ஒரு சிலருக்கு விழித்திரை மறுபடி விலகுவதுண்டு, அந்த முதல் சில வாரம் கவனமாக இருக்க வேண்டும். நிரந்தரக் கண்ணாடி அதற்கும் ஆறு வாரம் கழித்துத்தான். இந்தக் கண்ணின் உண்மையான பலனை ஆபரேஷன் நாளிலிருந்து ஏறத்தாழ ஓராண்டில் கணக்குப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டையில் முதல் ஆபரேஷன் நடந்திருந்தால், இரண்டாவதும் அதில் வருமா என்று கவுண்டரில் இப்போதே விசாரித்து வையுங்கள்.

'மெதுவா வரும்' என்று சொல்லும் டாக்டரிடம் பொதுவாக 'எப்ப தெரியும்?' என்று கேட்டால் அதே பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: விழித்திரை சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா, இன்றைக்குக் கண் அழுத்தம் எத்தனை (10-லிருந்து 21 வரை சாதாரணம்), ஓசிடியில் மேக்குலாவுக்கு அடியில் நீர் மிச்சமிருக்கிறதா, லென்ஸ் மங்க ஆரம்பித்துவிட்டதா. நாலும் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியவை. பதிலைச் சீட்டின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஓசிடி பிரிண்டும் ஒரு பையில் சேர்ந்தே இருக்கட்டும். வேறு யாரிடமாவது ஒரு கருத்துக் கேட்கப் போனாலும் அது இல்லாமல் போனால் அலைச்சல்தான்.

மெதுவாக வரட்டும் என்று காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. ஆபரேஷன் செய்த விழித்திரையில் தழும்புச் சவ்வு வளர்ந்து அதை மறுபடி இழுத்துப் பிரிப்பது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் நடக்கும், நீங்கள் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள். ஆயில் மேலே மிதப்பதால் கீழ்ப்பகுதி விழித்திரைக்குத் தாங்கல் குறைவு, முதலில் விலகுவதும் அதுதான். கீழே விலகினால் நிழல் மேலிருந்து இறங்கும். ஆகவே வலது கண்ணில் மேற்பக்கம் புதிதாக இருட்டு தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். கண்ணும் அந்தப் பக்கத் தலையும் வலித்து வாந்தி வந்தால், அது பித்தம் இல்லை, கண் அழுத்தம். வலியும் சிவப்பும் கூடி, பார்வை ஒரே நாளில் சரிந்தால் தொற்றாக இருக்கலாம். 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டு ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. முதலில் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். அது மூடியிருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. நடு ராத்திரியாக இருந்தால் ஸ்டான்லியின் அவசரப் பிரிவு உங்களுக்குக் கூப்பிடு தூரம்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத கண் ஒன்று இருக்கிறது. இடது கண்ணும் மைனஸ் 7, அதே நீளம், அதே மெலிந்த ஓரம். ஒரு கண்ணில் விலகியவர்களில் 10 சதவீதம் பேர் வரை மறு கண்ணிலும் விலகலைச் சந்திக்கிறார்கள். அந்த ஓரங்களில் ஓட்டையோ கிழிசலோ இருந்தால் விலகுவதற்கு முன்பே லேசர் வைத்து அடைத்துவிடலாம். சில நிமிட வேலை, படுக்கையும் இல்லை. இடது கண்ணில் மின்னல் வெட்டுவது போல் ஒளி, திடீரெனக் கொசு பறப்பது போலக் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இவற்றில் எது வந்தாலும் இந்த முறை பன்னிரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு மணி நேரம்கூட வேண்டாம். எதுவும் வராவிட்டாலும், அடுத்த முறை போகும்போது இடது கண்ணுக்கும் மருந்து விட்டு ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். இருக்கும் ஒரு நல்ல கண்ணும் மருந்தால் நாலைந்து மணி நேரம் மங்கிக் கூசும். அந்த நிலையில் தனியாக பஸ் ஏறி வர முடியாது.